சங்கு மெக்கானிக்கும் அப்பப்போ எரியுற லைட்டும்

ஆரணியில் ஓடுகிற எந்த வண்டியும் உண்மையில் ஓடவில்லை, நிற்பதற்கு ஒரு நல்ல இடம் தேடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சங்கு மெக்கானிக்கின் கட்சி. மனிதர்களைப் பற்றியும் அவருக்கு ஏறக்குறைய அதே அபிப்பிராயம். அவரே போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் அதற்கும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். "இவ்ளோ நாள் ஓடினதே பெருசு" என்று சொல்லிவிட்டு டீக்குச் சொல்லியிருப்பார்.

போளூர் ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில் அவருடைய ஷெட். போர்டு கிடையாது. அவருக்கு ஒரு நிஜப் பெயர் உண்டு. அது ஆதார் கார்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் மட்டும்தான் தெரியும். எந்த வண்டி வந்தாலும் பானட்டைத் திறப்பார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொள்வார்.  வண்டிக்காரர் பர்ஸைத் தடவிப் பார்க்க ஆரம்பிப்பார். அப்புறம் மெதுவாகச் சொல்வார்: "சங்குதான்."

அந்தப் பெயரே நின்றுவிட்டது.

ஒரு தடவை கல்யாணமாகிப் பத்து நாள் ஆன மாப்பிள்ளை ஒருவர், மாமனார் வாங்கிக் கொடுத்த புது பைக்கோடு வந்தார். ஹேண்டில்பாரில் கட்டின பூ இன்னும் முழுசாக வாடவில்லை. சும்மா காட்டிவிட்டுப் போகத்தான் வந்தார், பாவம். சங்கு பைக்கை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"எப்டிணா கீது வண்டி?"

"இன்னும் ஒண்ணுமே போகல."

மாப்பிள்ளை சிரித்தார்.

"எல்லாமே இனிமேதான் போவணும்" என்றார் சங்கு.

களம்பூர் ரைஸ்மில்காரர் ஒருவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "இன்னும் எத்தினி நாள் தாங்கும்?" என்று கேட்டார். சங்கு லாரியைப் பார்த்தார். அவரையும் மேலும் கீழும் பார்த்தார். "எத கேக்கறீங்க?" என்றார். மில்காரர் அன்றைக்கு சாயங்காலமே வேலூர் போய் உடம்பு செக்கப் செய்துகொண்டார் என்று பேச்சு.

ஷெட்டில் உட்கார நாற்காலி இல்லை. எந்தக் காரிலிருந்தோ பிடுங்கிய பின் சீட்டு ஒன்று தரையில் கிடக்கும். அதில் மூன்று நான்கு பேர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் உள்ளே யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கெட்ட சேதியை அவர் வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார். எதிர்க்கடைக்குக் கையைக் காட்டித் தண்ணீர் வரவழைத்தால் கிளட்ச் போய்விட்டது. டீ வந்தால் இன்ஜினை இறக்க வேண்டும். டீயோடு பன்னும் வந்தால் வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம். "வேணாம்ணா, இப்பதான் டீ குடிச்சிட்டு வந்தேன்" என்று கெஞ்சின டிரைவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் இருந்தும் எல்லோரும் அவரிடமே போனார்கள். காரணம் ஒன்றுதான். அவர் கை வைத்து அனுப்பின வண்டி நடுவழியில் நின்றது கிடையாது.

எங்கள் அப்பாவும் அவரிடம்தான் போவார். அப்பா களம்பூரில் மூட்டை தூக்கினவர். அப்புறம் டிரைவர். அதற்கப்புறம் ஒரு பழைய வேனுக்குச் சொந்தக்காரர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் அவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் டேஷ்போர்டில் வருகிற படங்கள் எல்லாம் அத்துப்படி. எண்ணெய்ச் சொட்டு, பேட்டரி, டீசல் பம்பு என்று ஒவ்வொன்றையும் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அவர் வாசித்த ஒரே புத்தகம் அந்த டேஷ்போர்டுதான். அதில் அவரை மிரட்டின ஒரே எழுத்து, மஞ்சளாக ஒரு குட்டி இன்ஜின் படம் எரியுமே, அது.

வேன் தினமும் விடியற்காலையில் சந்தவாசலில் புறப்படும். வழியில் ஏற்றிக்கொண்டு, களம்பூர் வந்து, ஆரணி வந்து, அங்கிருந்து ஷூ கம்பெனிக்குப் பதினெட்டுப் பெண்களைக் கொண்டுபோய் விடும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும். அந்த ட்ரிப்தான் எங்கள் சோறு. நான் பி.காம் முடித்ததும் அதில்தான்.

போன வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டிய மாதத்தில், அதாவது வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்கிற மாதத்தில், அந்த மஞ்சள் லைட்டு வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தால்கூடப் பரவாயில்லை. வரும், போகும். இரண்டு நாள் வராது. மூன்றாம் நாள் வந்து கொஞ்ச தூரம் எரிந்துவிட்டு, ஒன்றும் தெரியாதது மாதிரி அணைந்துவிடும். எரிகிறபோது வண்டி இழுக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூச்சு வாங்கும். "ஆரணி தாண்டினாத்தான்டா வருது. அந்த ரோடு அப்டி" என்பார் அப்பா.

சங்குவிடம் கொண்டுபோனோம். அவர் முன்னால் லைட்டு எரியவில்லை.

"எரியலையேப்பா ரத்தினம்."

"நேத்து எரிஞ்சுதுணா."

"நேத்து நான் பாக்கலியே. பாக்காத சீக்குக்கு நான் வைத்தியம் பண்ணமாட்டேன்."

நான் படித்தவன் அல்லவா? போனில் தேடி, இரண்டு மணி நேரம் படித்து, அந்த லைட்டு எரிவதற்கான இருபத்தேழு காரணங்களை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "நல்லா எழுதிகீற. இதுல உங்க வண்டிக்கு இன்னாவாம்?" என்றார். அன்றிலிருந்து எனக்கு 'பி.காமு' என்று பெயர் வைத்துவிட்டார்.

அவர் ஷெட்டுக்கு நாலு கடை தள்ளி ஸ்கேனர் வைத்திருக்கிறவர் ஒருவர் இருந்தார். ஒயரைச் செருகினால் இரண்டே நிமிஷத்தில் லைட்டை அழித்துக் கொடுத்துவிடுவார். அந்த மெஷினும் எங்கள் வண்டியிடம் குழம்பிப்போனது. ஒருநாள் காற்று சென்சார் என்றது. மறுநாள் பெடல் என்றது. அடுத்த தடவை எல்லோரும் சேர்ந்து என்றது. அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். எஃப்.சி. காட்டுகிற அன்றைக்கு மட்டும் அது எரியாமல் இருந்தால் போதும். இதைக் கேட்டதும் சங்குவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"வாசல்ல ஒருத்தன் நின்னுகினு ரத்தினம், ரத்தினம்னு கூப்பிடறான். நீ போயி அவன் வாயப் பொத்திட்டு வர. எதுக்குடா கூப்ட்டான்னு கேட்டியா?"

அப்பா கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் லைட்டை அழித்துக்கொண்டு, வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்பினார். ஃபாரம் நிரப்ப நான் உடன் போனேன். ஷெட்டைத் தாண்டும்போது சங்கு ரோட்டில் நின்று கையைக் காட்டினார்.

"நானும் வரேன்."

"எதுக்குணா?"

"பிரேக் நான்தான் பாத்தேன். கடைசியா ஒருவாட்டி கூட இருக்கேன்."

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் ஏற்றிக்கொண்டார்.

எஃப்.சி. பார்க்கிற மைதானத்துக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். நிதானமாகப் பார்த்தார். பிரேக் பிடிக்கச் சொன்னார். வண்டி ஆணி அடித்தது மாதிரி நின்றது. ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் எல்லாம் சரி. டயரைத் தட்டினார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார். டேஷ்போர்டை எட்டிப் பார்த்தார்; துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பேனாவை எடுத்தார். அப்பா மூச்சை விட்டார்.

"வேற எந்தப் பிரச்சனையும் இல்லியே?" என்று ஒரு வார்த்தைக்குத்தான் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல சார்" என்றார் அப்பா.

"கீது சார்" என்றார் பின்னாலிருந்து சங்கு. "அப்பப்போ ஒரு லைட்டு வரும் சார். இப்ப வரல. அழிச்சிட்டு வந்துகீறாங்க."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. நசுங்கின எலுமிச்சம்பழத்தின் வாசனை மட்டும் டயர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"நீங்க யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மெக்கானிக் சார்."

"இந்த வண்டிக்கா? இல்ல இவருக்கு ஆகாதவரா?"

"இந்த வண்டிக்குத்தான் சார். பதினெட்டு பொம்பளைங்க போறாங்க சார் இதுல. லாரி எதிர்ல வரும்போது இழுக்காம நின்னா இன்னா சார் பண்றது?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். "கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டு வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். பழைய எஃப்.சி. வெள்ளியோடு முடிகிறது. சனிக்கிழமை காலையில் புது எஃப்.சி. காட்டாத வண்டி கம்பெனி கேட்டுக்குள் போகாது. அந்த ட்ரிப்புக்கு ஏற்கெனவே இரண்டு வேன்காரர்கள் மேனேஜரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருநாள் விட்டால் போச்சு.

திரும்பும்போது அப்பா வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். ஷெட் வந்ததும் நிறுத்தினார். ரோட்டையே பார்த்துக்கொண்டு, "டேய், அந்த ஆள இறங்கச் சொல்லு" என்றார்.

அந்த ஆள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"பி.காமு," என்றார் சங்கு, "நாளையிலேர்ந்து நான் வண்டில வரேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. அது எரியறத நான் பாக்கணும்."

"எடமில்லன்னு சொல்லுடா."

"முன் சீட்டுல உக்காந்துக்கறேன்னு சொல்லு. டேஷ்போர்டு அங்கதான் தெரியும்."

"அது செல்வி சீட்டுன்னு சொல்லுடா."

"செல்விய நாலு நாள் பின்னாடி உக்காரச் சொல்லுன்னு சொல்லு."

நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் ஒரு முழ தூரத்தில் இருந்தோம். கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார். வேறு வழி இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: நானும் தினமும் வர வேண்டும். "அந்த ஆள்கிட்ட நான் பேசமாட்டேன். பேச ஆள் வேணும்." பட்டம் வாங்கி நான் பார்த்த முதல் உத்தியோகம் இதுதான்.

செவ்வாய்க்கிழமை சங்கு முன் சீட்டில் ஏறினார். கையில் பழைய காலண்டர் தாள், காதில் பென்சில். ஆரணியில் ஏறின செல்வி அக்கா, தன்னுடைய சீட்டைப் பார்த்துவிட்டுப் பையோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த வண்டிக்கு அவர்தான் தலைவி. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு ஓ.டி. எல்லாம் அவர் கணக்கு. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.

சங்கு டேஷ்போர்டை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். கண் சிமிட்டவில்லை. லைட்டு எரியவில்லை.

"அண்ணாவப் பாத்து அதுக்கே பயம் வந்துட்ச்சுடி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா வெச்சிக்கங்கணா, வந்தாலும் வரும்."

"வேணாம்டி, அண்ணா சிரிச்சா இன்ஜினே நின்னுடும்."

வண்டியே குலுங்கிற்று. சங்கு திரும்பக்கூட இல்லை. சாயங்கால ட்ரிப்புக்கு ஷெட்டில் வேலை இருந்ததால் அவர் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து, கம்பெனியிலிருந்து கிளம்பிக் கால்மணி நேரத்தில் லைட்டு பளிச்சென்று எரிந்தது. அப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார். "போய் சொல்லு. வண்டில இருக்கற கோளாறே அந்த ஆள்தான்னு சொல்லு. ஜல்தியா போய் சொல்லு."

சொன்னேன். சங்கு காலண்டர் தாளில் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை இரண்டு வேளையும் வந்தார். எரியவில்லை. வியாழக்கிழமை காலையிலும் எரியவில்லை. பெண்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது நான் மெதுவாகக் கேட்டேன். "அன்னிக்கு சும்மா இருந்திருக்கலாம்லணா? எங்க பொழப்பே இதான்."

சங்கு காலண்டர் தாளை மடித்துப் பையில் வைத்தார். அப்புறம் அப்பாவுக்குக் கேட்காத குரலில், "ஒருவாட்டி நானும் சரியாயிடுச்சு போன்னு சொல்லி அனுப்ச்சேன்" என்றார்.

"எந்த வண்டிணா?"

"ஒரு வண்டி."

அவ்வளவுதான்.   சங்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ராத்திரியில் தூங்குவதே இல்லை, பழைய ஒயரிங்கை எல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று டீக்கடைக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலமும் எரியவில்லை. இனி ஒரே ஒரு காலை ட்ரிப்தான் பாக்கி. ஆரணியில் இறங்கும்போது செல்வி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, நாளைக்காவது என் சீட்ட வுடுவீங்களா? மூணு நாளா என் வேல பேஜாராகிக் கெடக்குது."

"வண்டில உனக்கு இன்னா வேல?"

"புடவைக்குக் குஞ்சம் போடறதுதான். முன்னாடி கண்ணாடி கீறதால வெளிச்சம் வரும். போம்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு முடிச்சிடுவேன். பின்னாடி ஒரே இருட்டு. நாளைக்கு முகூர்த்தப் புடவை ஒண்ணு குடுத்தாவணும், அந்தப் புடவைக்காரம்மா என்னக் கடிச்சிக் குதறிடும்."

சங்கு செல்வி அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். 'சங்குதான்' என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு நீயே உக்காருமா" என்றார்.

வெள்ளிக்கிழமை. சங்கு முன் சீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். செல்வி அக்கா ராணி மாதிரி முன் சீட்டில் ஏறினார். ஆரணி தாண்டினதும் பையிலிருந்து பட்டுப் புடவையின் முந்தானையை மட்டும் மடியில் எடுத்துப் போட்டார். பட்டு நூலும் ஜரிகையும் சேர்த்து முறுக்குவார், முடிச்சுப் போடுவார், சின்னக் கத்தரியால் நுனியை நறுக்குவார். விரல் போகிற வேகத்துக்குக் கண் போகாது. நறுக்கின துணுக்குகள் காலடியில் விழுந்தன. ஜன்னல் காற்று அவற்றைப் பொறுக்கிக்கொண்டு அப்பாவின் பெடல் பக்கம் போனது. வெயில் பட்டு மின்னிக்கொண்டே போயின.

சங்கு லைட்டைப் பார்க்கவில்லை. அந்தத் துணுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதுடி!" என்று யாரோ கத்தினார்கள்.

மஞ்சள் லைட்டு. ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. வண்டி முழுக்கக் கைதட்டல். ஒரு கோளாறுக்கு இவ்வளவு வரவேற்பு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. அப்பா ஓரம் கட்டி இறங்கினார். சங்கு முன்னால் வந்து, கீழே மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். நான் போன் டார்ச்சைப் பிடித்தேன்.

ஒயர்கள் எல்லாம் வந்து கூடுகிற சாக்கெட் ஒன்று அங்கே இருந்தது. மேல் மூடி எப்போதோ உடைந்துபோயிருக்கிறது. அதற்குள் குருவிக்கூடு மாதிரி தங்க நிறத்தில் ஒரு சிக்கு. ஜரிகை. நூலைச் சுற்றியிருப்பது வெள்ளித் தகடுதான் இல்லையா, அதில் கரண்ட் பாயாமல் என்ன செய்யும்? வண்டி குலுங்குகிறபோது இந்த ஒயரையும் அந்த ஒயரையும் தொடும். இன்னொரு குலுக்கலில் விலகிக்கொள்ளும். ஸ்கேனர் பாவம், தினம் ஒரு பெயர் சொன்னதில் தப்பே இல்லை. சங்கு முன் சீட்டில் உட்கார்ந்த நாளெல்லாம் எரியாததற்கும் காரணம் புரிந்துபோயிற்று. கோளாறு உட்கார வேண்டிய இடத்தில் அவர் போய் உட்கார்ந்திருந்தார்.

சங்கு அதை மெதுவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். செல்வி அக்கா பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. மடியிலிருந்த புடவையை அவசர அவசரமாகப் பைக்குள் திணித்தார். அப்பாவின் கோபம் அந்த வண்டியில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தருடைய குஞ்சத்தால் ட்ரிப்பே போகப் பார்த்தது என்று தெரிந்தால் முன் சீட்டு மட்டுமா போகும்?

"டேய், இன்னான்னு கேளு" என்றார் அப்பா வெளியிலிருந்து.

சங்கு விரல்களை மூடிக்கொண்டார். செல்வி அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எலின்னு சொல்லு" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். எந்த வண்டியையும் நல்லாயிருக்கு என்று சமாதானத்துக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர்.

"எலியாம்பா" என்றேன்.

"எலியா? ச்சீ" என்றார் அப்பா.

சங்கு பழைய ட்யூபிலிருந்து ரப்பரை வெட்டி அந்த சாக்கெட்டுக்குச் சட்டை மாதிரி மாட்டி, டேப் சுற்றினார். செய்துகொண்டே, நிமிராமல், "ஒரு துணிய மடில விரிச்சிகினு நறுக்குமா. காத்துல வுடாத" என்றார். செல்வி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, அந்த அண்ணாவப் பத்தி எவன் நல்லதா எழுதப் போறான்" என்றார்.

பதினோரு மணிக்கு மைதானத்தில் இருந்தோம். இந்தத் தடவை பூசையும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். அப்பா உள்ளே உட்கார்ந்து அவர் சொல்கிறபடி லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். பின்னால் சுற்றி வந்த இன்ஸ்பெக்டர் சங்குவிடம், "கண்டுபிடிச்சீங்களா? இன்னா?" என்றார். சங்கு அப்பா இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து அவர் காதில் சொன்னார். இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். அடுத்த நிமிஷம் சத்தம் போட்டுச் சிரித்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இத கேட்டதில்லய்யா" என்றார்.

முன்னால் வந்து பேனாவை எடுத்தவர், சட்டென்று நிறுத்தி, சங்குவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு வேற ஏதாவது சொல்றீங்களா?"

அப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சங்கு அவசரப்படவில்லை. வண்டியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். வானத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"இப்போதிக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

திரும்புகிற வழியில் அப்பா பேசினார். எல்லாம் என்னிடம்தான். நாலு நாள் பட்ட பாடு, தூக்கம் கெட்டது, ஊர் சிரிக்க வைத்தது, எந்த மெக்கானிக்காவது இப்படிச் செய்வானா, உலகத்தில் எங்கேயாவது நடக்குமா, எஃப்.சி. கிடைக்காமல் போயிருந்தால் குடும்பத்தோடு எங்கே போய் நிற்பது, இதையெல்லாம் அந்த ஆளிடம் சொல்லுடா, சொல்லேன்டா என்றார்.

சொல்லத் திரும்பினேன். சங்கு பின் சீட்டில் ஜன்னலோடு சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடித்த துண்டு மடியில் கிடந்தது. கவலையில்லாமல் இருக்கும்போது அந்த முகம் இப்படித்தான் இருக்குமா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தூங்கறார்பா" என்றேன்.

அப்பா கண்ணாடியில் பார்த்தார். திட்டுவதை நிறுத்தினார். அதற்கப்புறம் அவர் ஹாரனைத் தொடவில்லை. முன்னால் நெல் லாரி ஒன்று ஊர்ந்து போனது. அதன் பின்னாலேயே அதே வேகத்தில் போனார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் சக்கரத்தை ஒவ்வொன்றாக ஏற்றி ஒவ்வொன்றாக இறக்கினார். ஷெட் வந்தது. வண்டி நிற்கவில்லை. களம்பூர் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டால்கூட டீசல் போச்சே என்று கத்துகிறவர்.

"அப்பா, ஷெட்ட தாண்டி வந்துட்டோம்" என்றேன்.

"தெரியும்," என்றார் அப்பா. "கம்முனு வா."